காது நிமிர்ந்த முயல்

மடக்குக் கத்தி ஒன்றை என் கையில் தந்தால் அது அசலா போலியா என்று சொல்ல எனக்குக் கண்கூட வேண்டாம், காது போதும். அசல் கத்தியின் அலகு மடங்கி உள்ளே விழும்போது 'டக்' என்று ஒரே சத்தமாகக் கேட்கும். போலியில் அது நொண்டிக்கொண்டு இரண்டாகக் கேட்கும், இல்லாவிட்டால் சத்தமே வராது. பெருமைக்குச் சொல்லவில்லை. டென்மார்க்கின் ஒடென்சே நகரில் மீன்பிடிச் சாமான்களும் கூடாரங்களும் வேட்டைக்காரர்களின் சப்பாத்துகளும் விற்கிற ஒரு கடையில், ஆட்கள் பழுதென்று திருப்பிக் கொண்டுவரும் பொருட்களை வாங்கிப் பார்க்கிற மேசை என்னுடையது. வருடக்கணக்காக ஒரே வேலையைச் செய்தால் யாருக்கும் இது கைவரும்.

எங்கள் கடையில் அதிகம் விலைப்படுவது, பிடியில் ஓடுகிற முயல் ஒன்றைப் பதித்த ஒரு பழைய கொம்பனியின் கத்தி. கொம்பனியின் பெயர் இங்கே வேண்டாம். அலகு நடுவிரல் நீளத்துக்கு மேல் போகாது, விரித்தால் பூட்டிக்கொள்ளாது. ஆகவே இந்த நாட்டில் அதைக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தாராளமாகத் திரியலாம். அதற்கு ஆயுட்கால உத்தரவாதம் வேறு உண்டு. அதனால் வில் தளர்ந்துவிட்டது, ஆணி ஆடுகிறது என்று எடுத்துக்கொண்டு வருவார்கள். வருகிறவற்றில் நிறைய அந்தக் கொம்பனியின் வாசலையே கண்டிராதவை. இணையத்தில் பாதி விலைக்குக் கிடைத்தது, விடுமுறைக்குத் தெற்கே போனபோது கடற்கரையில் ஒருவன் விற்றான் என்று கதை வரும்.

நான் மேசைக்குக் கீழிருந்து காந்தத்தை எடுப்பேன். அசலின் பிடிக்குள் இருக்கிற தகடு முழுப் பித்தளை, காந்தம் அதைத் திரும்பியும் பார்க்காது. போலியில் இரும்புத் தகட்டுக்குப் பித்தளைப் பூச்சு, ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளும். அலகில் உள்ள எழுத்தை நகத்தால் தடவினால் அசலில் நகம் இடறும், போலியில் வழுக்கும். பிடி மான்கொம்பு என்று சொல்லியிருந்தால் சூடாக்கிய ஊசியை மறைவான ஓரிடத்தில் வைத்து மணந்து பார்ப்பேன். கொம்பு மயிர் கருகின மணம் மணக்கும். பிளாஸ்டிக் தன்னை ஒளிக்காது. பார்த்து முடிந்ததும் "இது போலி" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். எனக்குச் சுற்றி வளைத்துக் கதைக்க வராது. சிலர் கோபத்தில் கத்தியை மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அவற்றைப் போட்டுவைக்க மேசையில் ஒரு இழுப்பு லாச்சி இருக்கிறது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குக் காட்ட உதவும்.

என் மனுசன் எனக்கு நேர் எதிர். முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை செய்கிறார். யார் எதைச் சொன்னாலும் நம்புவார், யாருடைய மனமும் நோகக் கூடாது என்று பார்ப்பார். அந்தக் குணத்தோடு குடும்பம் நடத்துவது எவ்வளவு கரைச்சல் என்று எனக்குத்தான் தெரியும். ஆனால் அந்த இல்லத்தில் இருக்கிற வயதானவர்களுக்கு இவர் என்றால் உயிர்.

அவர்களில் ஒருவர் முன்பு கப்பல் கட்டும் தளத்தில் இரும்பு வேலை செய்தவர். இவர் அவரை வீட்டில் "என்ரை கிழவர்" என்றுதான் சொல்லுவார். கால் நடக்காது, கை நடுங்கும், புத்தி மட்டும் தெளிவு. பின்னேரங்களில் இவர் அவருக்கு அப்பிள் வெட்டிக் கொடுப்பாராம். இல்லத்துக் கத்தியால் வெட்டினால் தின்னமாட்டார். தன்னுடைய மடக்குக் கத்தியைப் பையிலிருந்து எடுத்து, பெருவிரலால் கூர் பார்த்து, பிறகுதான் இவரிடம் வெட்டக் கொடுப்பார். கொடுப்பதென்றால் கையில் அல்ல, மேசையில் வைப்பார். அது இவர் பழக்கிவிட்டது.

எங்கள் தமிழ் ஆட்களுக்கு இது சொல்லித்தர வேண்டியதில்லை. கத்தி, கத்தரிக்கோல், பாக்குவெட்டி எதையும் கைக்குக் கை கொடுத்து வாங்கமாட்டோம், சண்டை வரும் என்பார்கள். ஒருவர் வைக்க வேண்டும், மற்றவர் எடுக்க வேண்டும். நான் கடையில் டென்மார்க்காரருக்கே அப்படித்தான் கத்தியைக் காட்டுகிறேன். இவர் முதல் முறை மேசையைக் காட்டியபோது கிழவர் காரணம் கேட்டாராம். சொன்னதும் சிரித்தாராம். தங்களிடமும் கத்தி கொடுத்தால் நட்பு அறுந்துபோகும் என்று ஒரு பேச்சு இருக்கிறது என்றாராம்.

ஒருநாள் பின்னேரம் இவர் வேலையால் வந்து, சப்பாத்தும் கழற்றாமல் குசினிக்குள் வந்து நின்றார். பையிலிருந்து அந்தக் கத்தியை எடுத்து எனக்கு முன்னால் வைத்தார். கிழவர் தந்தது என்றார். இல்லத்தில் இருக்கிறவர்களிடம் வேலையாட்கள் ஒன்றும் வாங்கக் கூடாது என்பது இல்லத்தை நடத்துகிற கொம்யூனின், நகரசபையின், கண்டிப்பான விதி, அது இவருக்கும் தெரியும். ஏன் வாங்கினீர்கள் என்று பிடித்துக்கொண்டேன்.

"சாகப்போற மனுசன் ரெண்டு கையாலையும் நீட்டுது. நான் என்னெண்டு வேண்டாம் எண்டுறது?" என்றார்.

அப்போதும் இவர் கையில் வாங்கவில்லை. வழக்கம்போல மேசையைக் காட்டியிருக்கிறார். கிழவர் வைத்திருக்கிறார். இவர் எடுத்துப் பையில் போட்டிருக்கிறார். கிழவர் இரண்டு விடயம் சொன்னாராம். ஒன்று, இது அசல், கவனமாக வைத்திரு. மற்றது, வீட்டுக்குக் கொண்டுபோய்விடு, இங்கே ஒருவருக்கும் காட்டாதே. விதியை நினைத்துத்தான் அப்படிச் சொல்லுகிறார் என்று இவர் எடுத்துக்கொண்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அசல் என்ற சொல்லைக் கேட்டால் என் கை சும்மா இருக்காது. விரித்து மடக்கினேன். 'டக்' வரவில்லை. குளிர்ப்பெட்டிக் கதவில் கடைச் சாமான் எழுதின துண்டுகளை ஒட்டிவைக்கிற காந்தத்தை எடுத்தேன். பிடித் தகட்டில் வைத்ததும் ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது. அலகு தீட்டித் தீட்டி ஒடுங்கிப் போயிருந்தது. எழுத்து பாதி அழிந்திருந்தது, மிச்சப் பாதியும் மேலோட்டமாகச் சுட்ட எழுத்து. பிடி கொம்பு இல்லை. தலையிலிருந்து கால்வரை போலி.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. அந்த முயல். போலிகளில் முயலை மெல்லிய தகட்டில் அடித்துப் பசையால் ஒட்டியிருப்பார்கள், ஒரு கோடைகாலத்துக்குள் கழன்றுவிடும். இதில் கெட்டிப் பித்தளையில் அறுத்து, பிடியைக் குடைந்து உள்ளே இறக்கியிருந்தது. விரலால் தடவினால் விளிம்பே தெரியவில்லை. அதோடு, கொம்பனியின் முயலுக்கு ஓடுகிற வேகத்தில் காது இரண்டும் முதுகோடு படிந்திருக்கும். போலி செய்கிறவர்களும் அதை அப்படியேதான் கொப்பி அடிப்பார்கள். இந்த முயலுக்குக் காது நிமிர்ந்து நின்றது. போலிக்காரன் ஒருவனுக்கு அன்றைக்கு வேலையில் மனம் வந்திருக்கிறது போல என்று நினைத்து விட்டுவிட்டேன்.

"இஞ்சாருங்கோ, இது டூப்ளிகேட். உங்கடை கிழவரை ஆரோ நல்லாய் ஏமாத்திப்போட்டாங்கள்."

"அது அசல். அந்தாள் தன்ரை வாயாலை சொன்னது."

"காந்தம் பொய் சொல்லுமே?"

"உம்மடை காந்தத்தைக் கொண்டுபோய்க் கடையிலை வையும்," என்றார். எனக்கு இப்படி எதிர்த்துக் கதைக்கிற ஆள் இல்லை. கத்தியைத் துடைத்து, விறாந்தைப் பக்கத்து ஷோகேஸில், நாங்கள் வாங்கிய நாளிலிருந்து தண்ணீர் படாத கண்ணாடிக் குவளைகளுக்கு முன்னால் வைத்தார். எங்கள் வீட்டு ஷோகேஸுக்குள் போன சாமான் பிறகு வெளியே வருவதில்லை. அத்தோடு முடிந்தது என்றுதான் இருந்தேன்.

கொஞ்ச நாளில் கிழவர் இறந்துபோனார். இவர் செத்தவீட்டுக்குப் போய் வந்து இரண்டு நாள் சரியாகக் கதைக்கவில்லை. இங்கே ஒருவர் இறந்தால் அறையைக் கெதியாகத் துப்பரவாக்கிக் கொடுக்க வேண்டும். கிழவருக்கு ஒரே மகள். கோப்பன்ஹேகன் பக்கம் இருக்கிறவர், அறையை ஒதுக்க வந்தார். தளபாடம் ஒன்றும் அவருக்குப் பெரிதில்லை, அப்பாவின் கத்தி எங்கே என்றுதான் முதலில் கேட்டிருக்கிறார்.

இவரோடு வேலை செய்கிற ஒரு பெண், தான் கண்டதைச் சொன்னார். அறைக்கு வெளியே நடைபாதையால் போனபோது திறந்த கதவுக்குள்ளால் பார்த்தாராம். கிழவர் கதிரையில் இருந்தார், இவர் மேசையிலிருந்த கத்தியை எடுத்துத் தன் பையில் போட்டார். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல முடியாது, கண்டது அவ்வளவுதான். கைக்குக் கை வாங்கியிருந்தால் கிழவர் நீட்டியதையும் கண்டிருப்பார். எங்களுடைய பழக்கம் தெரியாத ஒருவர் பார்த்தால் மேசையிலிருந்து எடுப்பது எடுப்பதுதான். சண்டை வரக் கூடாது என்று செய்த காரியம் சண்டையைக் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தது.

இவர் அடுத்த நாளே கத்தியைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தார். நடந்ததைச் சொன்னார். இல்லத்துப் பொறுப்பாளர் அம்மா விதியை நினைவுபடுத்தி ஒரு எச்சரிக்கை தந்தார். மகளும் நன்றி சொன்னார். அதோடு வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். இவர் மரியாதைக்கு இரண்டு வார்த்தை கதைக்கிறேன் என்று, கத்தியைக் கவனமாக வைத்திருந்தோம், என் மனுசிக்குக் கத்திகளைப் பற்றி நல்லாகத் தெரியும், அவவும் பார்த்தவ, அவவின் கடையில் ஒரு லாச்சி நிறையப் போலிக் கத்தி கிடக்கிறது என்றெல்லாம் அவிழ்த்துவிட்டிருக்கிறார். அவ்வளவும் சொன்னவர், நான் அதைப் போலி என்று சொன்னதை மட்டும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று பிறகு கேட்டேன். "தேப்பனைப் பறிகுடுத்திட்டு நிக்கிற பிள்ளைக்கு இதையும் சொல்லோணுமே?" என்றார். அந்தப் பிள்ளைக்கு என் வயது.

மகள் கத்தியின் வில்லைச் சரிபண்ணிக்கொள்ளலாம் என்று கொம்பனியின் திருத்துமிடத்துக்கு அனுப்பியிருக்கிறார். அவர்கள் இது எங்களுடையது அல்ல, போலி என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்போதுதான் எல்லாம் தலைகீழானது. அப்பாவின் கத்தி அசல், அதை அப்பாவே பலமுறை தனக்குச் சொல்லியிருக்கிறார். இப்போது கைக்கு வந்திருப்பது போலி. இடையில் அது இருந்தது இவருடைய வீட்டில். மனைவிக்குக் கத்தி வியாபாரம் நடக்கிற இடத்தில் வேலை, லாச்சி நிறையப் போலி. மாற்றிவிட்டார்கள் என்று மகள் முறைப்பாடு கொடுத்தார். அவருடைய இடத்தில் நான் இருந்திருந்தாலும் அப்படித்தான் கணக்குப் போட்டிருப்பேன். ஆனால் அன்றைக்கு எனக்கு அந்த நியாயமெல்லாம் வரவில்லை, பத்திக்கொண்டுதான் வந்தது.

பொறுப்பாளர் இவரை வேலைக்கு வர வேண்டாம் என்றார். ஒரு கூட்டம் வைத்து இரண்டு பக்கமும் கேட்பது, தெளிவு வராவிட்டால் பொலிசுக்குக் கொடுப்பது என்று முடிவு. ஓகூஸ் நகரில் படிக்கிற எங்கள் மகள் தொலைபேசியில் டேனிஷில் படபடவென்று தொழிற்சங்கம், உரிமை என்று கதைத்தாள். இவர் ஓம் ஓம் என்று கேட்டுவிட்டு வைத்தார். விடயம் கேள்விப்பட்ட என்னுடைய முதலாளியும் நல்ல மாதிரியாகத்தான், அந்த லாச்சியை ஒருக்கால் சேர்ந்து பார்ப்போமா என்று கேட்டார். நான் லாச்சியை உருவி மேசையில் கவிழ்த்தேன். அவர் பயந்துபோனார்.

இவர் வீட்டில் இருந்த நாட்கள்தான் கொடுமை. காலையில் எழும்பி வேலைக்குப் போகிறவர் மாதிரி தாடி வழிப்பார். பிறகு துடைத்த அடுப்பைத் திரும்பத் துடைப்பார். சோற்றைப் பிசைந்துகொண்டு இருப்பார், வாய்க்குப் போகாது. ஊரில் இருந்து வந்து இத்தனை வருடம், ஆருடைய அழுக்கென்று பாராமல் கழுவித் துடைத்த மனுசன், கள்ளன் என்ற பெயரோடு கதிரையில் இருக்கிறார். எனக்கு அழுகை வந்தால் சத்தம் போடுவேன், அதுதான் என் குணம். உங்களுடைய வாயும் உங்களுடைய இரக்கமும் எங்களைத் தெருவில் விட்டுவிட்டது என்று கத்தினேன். அன்றைக்கே போலி என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் இவ்வளவும் வந்திருக்காது என்று கத்தினேன்.

இவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வேலை போனால் போகட்டும். அந்தக் கிழவரிட்டை நான் களவெடுத்தனான் எண்டு அந்தப் பிள்ளை காலம் முழுக்க நினைச்சுக்கொண்டு இருக்கப்போகுதே," என்றார்.

இந்த நாட்டில் இப்படியான கூட்டத்துக்குத் துணையாக ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகலாம். நான் போனேன். இவர் வேண்டாம் என்றார், நான் வாயைத் திறந்தால் இருக்கிற கொஞ்ச மரியாதையும் போய்விடும் என்று பயம். காந்தம், பூதக்கண்ணாடி, முதலாளியிடம் கேட்டு வாங்கிய அசல் கத்தி ஒன்று, எல்லாவற்றையும் கைப்பையில் போட்டுக்கொண்டேன். டிராமில் போகும்போது என் டேனிஷ் வசனங்களை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். ஒருவர் மேலும் பழி சொல்லாமல் சாமானைப் பற்றி மட்டும் கதைப்பது என்று முடிவு எடுத்துக்கொண்டேன்.

சின்ன அறை, நடுவில் வெள்ளை மேசை, கோப்பி போத்தல். பொறுப்பாளர் ஒரு பக்கம். எதிரே மகள். பெரிய ஆளாக, திமிராக இருப்பார் என்று நான் நினைத்துக்கொண்டு வந்த ஆள் இல்லை. அழுது வீங்கின கண், சீவாத தலை. கத்தியை மேசையின் நடுவில் வைத்தார். தன்னிடம் படம் இருக்கிறது என்று தொலைபேசியை எங்கள் பக்கம் திருப்பினார். அப்பா இல்லத்துக்கு வருவதற்கு முந்தின கோடை, வீட்டுத் தோட்டத்தில் எடுத்த படம். கிழவர் அப்பிளைச் சீவிக்கொண்டிருக்கிறார். பாருங்கள், இதுதான் அப்பாவின் அசல் கத்தி என்றார்.

படத்தைப் பெரிதாக்கலாமா என்று கேட்டேன். விரலால் பெரிதாக்கினார். கிழவரின் விரல்களுக்கு இடையில் முயல் தெரிந்தது. காது நிமிர்ந்து நின்றது.

எனக்கு அந்த இடத்திலேயே எழும்பித் துள்ள வேண்டும் போல இருந்தது. வென்றுவிட்டோம். நான் கொண்டுபோன அசல் கத்தியை எடுத்து அவருடைய கத்திக்குப் பக்கத்தில் வைத்தேன். இந்தக் கொம்பனி செய்கிற முயலுக்குக் காது படிந்துதான் இருக்கும் என்று காட்டினேன். படத்தில் இருக்கிற முயலையும் மேசையில் இருக்கிற முயலையும் பாருங்கள், இரண்டுக்கும் காது நிமிர்ந்திருக்கிறது, அலகும் அதே இடத்தில் ஒடுங்கியிருக்கிறது, உங்கள் அப்பா இங்கே வருவதற்கு முதலே வைத்திருந்த கத்தி இதேதான், ஒருவரும் மாற்றவில்லை என்றேன். பிறகு காந்தத்தை எடுத்து இரண்டின் பிடித் தகட்டிலும் வைத்தேன். அசலில் ஒட்டவில்லை. கிழவருடையதில் ஒட்டியது. இது தொடக்கத்திலிருந்தே போலிதான் என்று, கடையில் சொல்லுகிற அதே குரலில் சொல்லி முடித்தேன்.

பொறுப்பாளர் குனிந்து இரண்டையும் பார்த்தார். படத்தைப் பார்த்தார். தலையாட்டினார். இவர் மூச்சு விட்ட சத்தம் எனக்குப் பக்கத்தில் கேட்டது. மகள் மட்டும் படத்தைப் பார்த்தபடியே இருந்தார். பிறகு, "அப்படியென்றால் நான் வாங்கியதே போலியா?" என்று கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை. அவர் எங்களுக்குச் சொல்லுகிற மாதிரி இல்லாமல், மேசைக்குச் சொல்லுகிற மாதிரிச் சொன்னார். சின்னப் பிள்ளையாக இருந்தபோது குடும்பத்தோடு தெற்கே விடுமுறைக்குப் போயிருக்கிறார்கள். கடற்கரையில் ஒருவன் துணி விரித்து விற்றுக்கொண்டிருந்தான். அப்பா கடைக் கண்ணாடிக்குள் பார்த்துப் பார்த்து வாங்காமல் விட்ட முயல் கத்தி அவனிடம் இருந்தது. தான் சேர்த்து வைத்திருந்த காசு முழுவதையும் கொடுத்து வாங்கி, அப்பாவின் பிறந்தநாளுக்குக் கொடுத்தார். அப்பா விரித்து, மடக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இது அசல் என்றாராம். அன்றிலிருந்து வேறு கத்தி தொட்டதில்லையாம்.

வென்ற சந்தோசம் எந்தப் பக்கத்தால் போனது என்று தெரியவில்லை. இதை இவருக்காகச் சொல்லத்தான் வேண்டும், சொல்லாமல் விட்டிருக்க வழியில்லை. ஆனாலும் ஒரு பிள்ளையின் பிறந்தநாள் பரிசைக் காந்தத்தால் தட்டி உடைத்த மாதிரி இருந்தது.

கைக்கு வேலை வேண்டியிருந்தது. பூதக்கண்ணாடியை எடுத்து, கேட்டுக்கொண்டு, கிழவரின் கத்தியைத் திரும்பப் பார்த்தேன். வீட்டில் அவசரத்தில் விட்டது இப்போது கண்ணில் பட்டது. அலகைப் பிடிக்கிற ஆணி தொழிற்சாலை ஆணி இல்லை. கையால் சுத்தியலால் தட்டித் தட்டி விரித்த தலை. உள்ளே தகட்டின் ஓரங்களில் அரம் போட்ட கீறுகள். ஆரோ இந்தக் கத்தியை முழுதாகக் கழற்றி, தேய்ந்ததை எல்லாம் மாற்றி, திரும்பப் பூட்டியிருக்கிறார். ஒரு தடவை அல்ல. முயலும் அந்தக் கைதான், கிழவரின் கை. ஒட்டின முயல் கழன்று விழுந்திருக்கும். அது இல்லாமல் மகள் கண்டுவிடக் கூடாது என்று, பித்தளையில் தானே ஒன்றை அறுத்து இறக்கியிருக்கிறார். காது மட்டும் அவருக்கு ஞாபகம் பிசகிவிட்டது.

நான் கண்டதை அப்படியே சொன்னேன். ஆணியைக் காட்டினேன், அரக் கீறுகளைக் காட்டினேன், முயலின் விளிம்பில் அவருடைய விரலை வைத்துத் தடவச் சொன்னேன். அவர் தடவினார்.

"அவருக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

சுற்றி வளைத்துக் கதைக்கத் தெரியாத நான், அன்றைக்கு ஒரு பொய் தேடிப் பார்த்தேன். வரவில்லை. தெரியும் என்றேன். காலம் முழுக்க இரும்போடு வேலை செய்தவர், கழற்றிப் பூட்டியவர், கையில் எடுத்த முதல் நிமிடமே தெரிந்திருக்கும் என்றேன்.

அப்போதுதான் இவர் கதைத்தார். அந்தக் கூட்டத்தில் அதுவரை ஒரு சொல் சொல்லாதவர். அப்பா கத்தியை ஏன் உங்களுக்குத் தந்தார், எனக்கு வைக்காமல், என்று மகள் இவரைக் கேட்டிருந்தார். இவர் தன்னுடைய தட்டுத் தடுமாறுகிற டேனிஷில், கிழவர் சொன்ன இரண்டையும் சொன்னார். இது அசல், கவனமாக வைத்திரு. வீட்டுக்குக் கொண்டுபோய்விடு, இங்கே ஒருவருக்கும் காட்டாதே.

சொல்லும்போதே இவருக்கும் விளங்கியிருக்க வேண்டும். கிழவர் காட்டாதே என்றது விதிக்காக அல்ல. தான் போன பிறகு மகள் அதை எடுத்து யாரிடமாவது காட்டுவாள், அவர்கள் சொல்லிவிடுவார்கள் என்றுதான். எங்களுடைய ஷோகேஸுக்குள் போனால் ஒருவருக்கும் தெரியவராது என்று அந்த மனுசன் இவரைத் தேடிப் பிடித்துக் கொடுத்திருக்கிறார். தேடிப் பிடித்த வீட்டில் நான் இருக்கிறேன் என்று அவருக்குத் தெரியாது.

மகள் இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். அப்பா என்ன சொன்னார் என்று. இவர் சொன்னார். இது அசல், கவனமாக வைத்திரு. மகள் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அழுதார், அழுதபடி சிரித்தார். பொறுப்பாளர் கோப்பி ஊற்றினார், ஒருவரும் குடிக்கவில்லை.

முறைப்பாட்டை எடுத்துவிடுவதாக மகள் சொன்னார். இவரிடம் மன்னிப்பும் கேட்டார். பொறுப்பாளர் திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார், பரிசு வாங்கக் கூடாது என்ற விதியை மறக்காமல் திரும்பவும் சொன்னார். எழும்பும்போது மகள் கத்தியை மடக்கி, அப்பா உங்களுக்குத்தானே தந்தார் என்று இவரை நோக்கி நீட்டினார். இவர் கையை நீட்டவில்லை. மேசையைக் காட்டினார். அவர் வைத்தார். இவர் எடுப்பாரோ என்று பொறுப்பாளர் பார்த்துக்கொண்டு நின்றார். இவர் எடுக்கவில்லை. கதிரையைத் தள்ளிவிட்டு இரண்டடி பின்னால் நின்றார். உங்களுடைய சாமான், நீங்கள் எடுங்கள் என்றார். மகள் இவரைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், பிறகு குனிந்து தன்னுடைய கையால் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார்.

டிராம் வரக் கொஞ்சம் நேரம் இருந்தது. காற்று முகத்தில் அடித்தது. இவர் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டு, கனநாளைக்குப் பிறகு எனக்குப் பசிக்குது என்றார். வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டார். நான் சொன்னேன். பிறகு தண்டவாளத்தைப் பார்த்தபடி, "பாத்தீரே, நான் அண்டைக்கே சொன்னனான். அது அசல் எண்டு," என்றார்.

காந்தம் என் கைப்பைக்குள்தான் இருந்தது. நான் கைப்பையை இழுத்து மூடினேன்.